பொபினி மைதானத்தில் பென்சிலோடு ஒரு ஞாயிறு

ஓட்டக் கணக்கு எழுதுகிறவனுக்குப் பந்து பிடிக்கத் தெரியவேண்டியதில்லை. பென்சில் சீவவும் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரிந்தால் போதும். எனக்கு இரண்டும் வரும். எண்பதுகளின் கடைசியில் நாலு கோடைகாலம் லா சப்பல் கிரிக்கெட் அணிக்குக் கணக்கு எழுதினேன். எழுதிய ஆட்டங்கள் ஐம்பத்திரண்டு. அழிரப்பர் பாவித்தது மூன்று தரம். ஓட்டப் புத்தகத்தோடு மைதானக் கரையில் ஒரு நாளாவது குந்தியிருந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

இவை ஒரே ஞாயிற்றுக்கிழமை நடந்தவை. எங்கள் அணித் தலைவர் அன்ரன் மன்னார் ஆள். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினார். அடுத்த கிழமை கனடாவுக்குப் போகிறார். அவர் ஒருமுறைகூட ஐம்பது ஓட்டம் அடித்ததில்லை. என் புத்தகத்தின்படி அதிகூடியது நாற்பத்தொன்று. எங்களோடு அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

எத்தனை?

சனம் மெத்ரோ ரயிலில் வந்து இறங்க இறங்க, நேரே என்னிடம் வந்து "எத்தனை?" என்று கேட்கும். பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தோம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் கேட்பார்கள். அன்று எதிரணியான ஸ்தேன் முதலில் ஆடியது. மத்தியானத்துக்குள் முப்பத்தொரு பேர் கேட்டார்கள். ஒருவருக்கும் நான் பிழையாகச் சொல்லவில்லை. கடைசியாக வந்தவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். "மூன்று விக்கெட்டுக்கு அறுபத்திரண்டு" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதை விடுங்கோ அண்ணை. புரியாணி வந்திட்டுதோ?"

ஏழு டிக்கெட்

நடுவர் சிவம் பந்துகளை எண்ணுவதற்குப் பழைய மெத்ரோ டிக்கெட் ஆறு வைத்திருப்பார். ஒரு பந்து போட்டால் ஒரு டிக்கெட் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். இடது பை காலியானால் ஓவர் முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் ஆடத் தொடங்கியதும், ஓவருக்கு ஏழு பந்து போவதைக் கண்டேன். முதல் ஓவரிலேயே கண்டேன். கத்திச் சொல்ல எனக்குக் குரல் வராது. எழும்பி நடக்க மூன்று ஓவர் எடுத்தது. ஸ்தேன் ஆட்களும் கவனிக்கவில்லை, புரியாணி அப்படி. நான் நடுவே போய்ச் சிவத்தின் காதுக்குள் சொன்னேன். அவர் டிக்கெட்டுகளை வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தார்.

"ஏழாவது நான் வீட்டை போற டிக்கெட் அண்ணை. பின்னேரம் சனமா இருக்குமெண்டு இப்பவே வாங்கினனான்."

தட்டிய தொடை

அன்ரன் நாற்பத்தைந்தில் நின்றபோது ஒரு பந்து துடுப்பில் படாமல் காலில் பட்டுப் போனது. ஓடி ஓர் ஓட்டம் எடுத்தார்கள். சிவம் தன் காலைத் தூக்கித் தொடையில் தட்டிக் காட்டினார். அந்த ஓட்டம் அணிக்கு; அடித்தவருக்கு இல்லை. நான் அப்படியே எழுதினேன். சிவம் நுளம்பு அடிக்கிறார் என்று நினைத்ததோ என்னவோ, கரையில் நின்ற சனம் "நாப்பத்தாறு!" என்று கத்தியது.

அடுத்த ஓவரில் அன்ரன் ஒரு நாலு அடித்தார். புத்தகத்தில் நாற்பத்தொன்பது. சனம் "ஐம்பது!" என்று மைதானத்துக்குள் ஓடியது. ஒருவர் படம் எடுத்தார். அன்ரன் சிலுவை போட்டுக்கொண்டு துடுப்பை உயர்த்தினார். நான் எழும்பி நின்று "நாற்பத்தொன்பது" என்றேன். இரண்டு தரம் சொன்னேன். எனக்குக் கேட்டது. இனி என்ன என்ற துணிவில் அன்ரன் அடுத்த பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். நடு விக்கெட் பறந்தது. சனம் அதற்கும் கைதட்டியது. எங்கள் செயலாளர் செல்வம் மட்டும் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆண்டவர் உங்களுக்குத் தொண்டையை எதுக்கண்ணை தந்தவர்?"

ஒரேயொரு ஓட்டம்

ஆட்டத்தில் வென்றோம். அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. "அந்த ஒரு ஓட்டத்தை அன்ரன்ரை பேரிலை மாத்தி எழுதுங்கோ. மொத்தம் மாறாதுதானே" என்று என் அழிரப்பரைக் கையில் எடுத்தார் செல்வம். மொத்தம் மாறாதுதான். ஸ்தேன் அணித் தலைவர்கூட வந்து, தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், வாதாடத் தெரியாது. புத்தகத்தை மூடி அதன்மேல் குந்திக்கொண்டேன்.

அன்ரன் முகம் கழுவிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "எழும்புங்கோ அண்ணை, பாப்பம்" என்றார். எழும்பினேன். புத்தகத்தை விரித்து, பந்து பந்தாக விரலை வைத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "ஓம், காலிலைதான் பட்டது. இப்பவும் நோகுது" என்றார். செல்வத்தின் கையிலிருந்த அழிரப்பரைப் பறித்து என் சட்டைப் பையில் போட்டார்.

"நாப்பத்தொன்பதாவே இருக்கட்டும் அண்ணை. கனடாவிலை நான் ஐம்பதெண்டுதான் சொல்லப்போறன். நீங்கள் மட்டும் அங்காலை வந்திடாதேங்கோ."

ரொறன்ரோவிலிருந்து மகள் இரண்டு தரம் கூப்பிட்டும் நான் இன்னும் போகவில்லை. ஓர் எண்ணைச் சரியாக எழுதியதற்காக ஒரு முழு நாட்டையே விட்டுக்கொடுத்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.