பிரேக்கம்மா வீடு பார்க்கிறார்

கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டுப் போன பிறகும் பிரேக்கம்மா கண்ணைத் திறக்கவில்லை. கடைசி வரிசை, ஓரத்து சீட். பின்சக்கரத்தையும் தாண்டிய இடம், குலுக்கல் அங்கேதான் அதிகம். முதுகைச் சாய்க்காமல் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இடதுகாலைக் கவனித்தால் மட்டும் தெரியும். வளைவு வரும்போதெல்லாம் அது இல்லாத கிளட்ச்சை மிதிக்கும்.

டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நின்றுகொண்டு வருகிற ஆள் கையிலிருக்கும் டீ சிந்தாமல் வண்டியை நிறுத்துவார் என்பதால் டிப்போவில் வைத்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீட்டிலும் அவருக்கு வலம் இடம் கிடையாது. 'டிரைவர் பக்கம்', 'கதவுப் பக்கம்' என்றுதான் சொல்வார். உப்பு டப்பா டிரைவர் பக்கம். மகளின் அறை கதவுப் பக்கம்.

இப்போது அவர் ஊர் தேடுகிறார். கடைசிக் காலத்தை எந்த ஊரில் கழிப்பது என்று பார்க்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வீட்டைப் பார்க்க மாட்டார். டவுன் பஸ் ஏறி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சுற்று. வரி வாங்குகிற ஊர் அதை எங்கே கொட்டுகிறது என்று ரோட்டுக் குலுக்கலை வைத்தே முதுகெலும்பு சொல்லிவிடுமாம்.

தேட வேண்டி வந்தது வரியால்தான். அவர் வீடு அதே வீடு. சமையலறையில் ஒழுகுகிற இடம்கூட அதே இடம். தெருமுனையில் ரயில் நிலையம் ஒன்று முளைத்தது, அவ்வளவுதான். வீட்டின் மதிப்பு ஏறிவிட்டது என்று வரியை ஏற்றினார்கள். இனி வருஷத்தில் நான்கு மாதப் பென்ஷன் அதற்கே சரியாய்ப் போகும். வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வரி நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வந்தது. மகள் அதை வாங்கி, பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். வரி கட்டிவிட்டு வரும் நாளெல்லாம் கூடத்தில் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பார். "சொந்த வீட்டுக்கு வாடகை கட்டுற ஆளு நானாத்தான் இருப்பேன்" என்பார். ஏரிக்கரையில் ஒரு ஊரை அவரே பார்த்து வைத்திருந்தார். அங்கே வரி என்பது பேருக்குத்தான். ரிட்டயரானதும் அங்கே போய்விடுவது என்று பேச்சு. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் மகளிடம் அந்த ஊரைப் பற்றித்தான் சொன்னார்.

மகள் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறாள். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஊர்களை அவளும் ஒப்பிட்டுப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் ஏரிக்கரை ஊரே முதலில் வந்தது. வராமல் போயிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். அது அப்பா காட்டிய இடம். அவர் சொன்னதில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அம்மாவின் கவலை வேறு. கண்ணில் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது. மெதுவாகத்தான், ஆனால் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மகளின் காரில் ஏறுவதென்றால் அவருக்கு வேப்பங்காய். முன்சீட்டில் உட்கார்ந்து வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருவார். "நீ பிரேக் போடுறியா, கோவத்துல கதவைச் சாத்துறியா?" என்பார். யாரோ ஏற்றி, யாரோ இறக்கி, யாரோ கூட்டிப்போய் விடுகிற ஒரு வாழ்க்கை தனக்கு வந்துவிடக் கூடாது. அவர் பயந்தது அதற்கு மட்டும்தான்.

ஏரிக்கரை ஊருக்குப் போனார்கள். புத்தம் புது பஸ். கடைசி சீட்டில் பிரேக்கம்மா கண்ணை மூடினார். கொஞ்ச தூரம் போனதும் இடதுகால் அசைவதை நிறுத்தியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் முகமே மாறிவிட்டது.

"உங்கப்பா சும்மா சொல்லலடி. ரோடு எண்ணெய் தடவின மாதிரி இருக்கு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏரி வந்தது. அவளுக்கு அது சரியாகத் தெரியவில்லை.

கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, கதவுப் பக்கம் பணிவாகச் சாய்ந்தது. கிழவர் ஒருவர் சிரமமில்லாமல் இறங்கினார். பிரேக்கம்மா படியிலேயே நின்றுவிட்டார். பிறகு இறங்கிப் பின்னால் போனார். சேலையை இடுக்கிக்கொண்டு குந்தி, சக்கரத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் ஆயுசெல்லாம் ஓட்டியது இரும்புப் பட்டை வில் வைத்த வண்டி. இங்கே அந்த இடத்தில் குலுக்கலையெல்லாம் விழுங்கிவிடுகிற, காற்றடைத்த ரப்பர்ப் பைகள் இருந்தன.

அவர் சிரித்த சிரிப்பில் டிரைவரே இறங்கி வந்துவிட்டார்.

"என்ன அத்தை, ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"என் மானம்தான். நான் உன் வண்டிக்கு மார்க் போட்டுட்டு ஊருக்குப் போட்டுட்டதா நெனச்சுட்டேன்."

டிரைவர் ஒளிக்காமல் சொன்னார். ஊருக்கு இருப்பது இந்த ஒரே வண்டிதான், அதுவும் மேலிடத்து மானியத்தில் வந்தது. சாயங்காலம் நான்கு மணியோடு சரி. மருந்துக்கடைக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். இங்கே எல்லோரிடமும் சொந்த வண்டி இருக்கிறது. திரும்பும்போது, ரோட்டைக் காலால் பார்த்துவிடுவோம் என்று இருவரும் நடந்தே வந்தார்கள். எண்ணெய் தடவின ரோட்டில் பிரேக்கம்மாவின் செருப்பு இரண்டு தரம் பள்ளத்தில் மாட்டியது.

தேவைப்படும்போதெல்லாம் தான் வந்து கூட்டிப்போவதாக மகள் சொன்னாள். லீவு இருக்கிறது, கார் இருக்கிறது, இரண்டே மணி நேரம் என்றாள். நீ வந்து சேர்வதற்குள் வியாதியே அலுத்துப்போய்விடும் என்றார் அம்மா. மகள் விடவில்லை. கடைசியில், அப்பா ஆசைப்பட்ட ஊர் என்று சொல்லிவிட்டாள்.

பிரேக்கம்மா ஓரமாக நின்றார்.

"அவரு கணக்குல தப்பில்லடி. அவரு ரெண்டு பேருக்குப் போட்டாரு. அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காருவேன். அதுக்கு இந்த ஊரு சரிதான். இப்ப ஓட்டுறவரு இல்லையே."

அப்பா இல்லை என்று அம்மா வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. மகள் அழுது முடிக்கும்வரை கூடவே நின்றார். போகிற வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி விலகிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து பார்த்த ஊரில் வரி கொஞ்சம் தூக்கல். இப்போதைய வீட்டு வரியில் பாதி, ஏரிக்கரையைப் போல மூன்று மடங்கு. பஸ் கிழட்டுப் பஸ். இரும்பு வில்தான், ஏறும்போதே குனிந்து பார்த்துக்கொண்டார். ஊரெங்கும் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பல்லெல்லாம் ஆடியது. இந்த ஊர் தேறாது என்று மகள் முடிவுகட்டி, திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கம்மா கண்ணை மூடியபடியே பேசினார்.

"தோண்டினதைப் பார்க்காத. மூடினதைப் பாரு. மூணு இடம் தாண்டியாச்சு, வண்டி குதிக்கவே இல்ல. நல்லா இடிச்சு மூடியிருக்கான்."

ராத்திரி பத்து மணிவரை பஸ் உண்டு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் விளக்கு. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு நிறுத்தம். வீடு ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரம். விற்கிறவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பிள்ளைகளோடு போய் இருக்கப்போகிறார். வரிதான் கொஞ்சம் கடிக்கும் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். பிரேக்கம்மா நேரே உள்ளே போனார். சமையலறை ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அது டிரைவர் பக்கம் இருந்தது. வாசல் விளக்கைப் போடச் சொல்லி, அதன் நேர் கீழே நின்று, தலையைத் திருப்பாமல் இரண்டு ஓரமும் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொண்டார்.

யோசித்துச் சொல்வதாக வாத்தியாரிடம் மகள் சொன்னாள்.

வாசலுக்கு முன்னால் குழாய்க்காக வெட்டிய பள்ளம், அதன் மேல் ஒரு பலகை. மகள் முதலில் தாண்டினாள். பலகை ஒரு பக்கம் ஆடியது. பின்னால் ஆள் வராததால் திரும்பிப் பார்த்தாள்.

பிரேக்கம்மா பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தார். மண்ணைக் கிளறி ஒரு தட்டைக் கல்லை எடுத்தார். ஒதுக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார். அதைப் பலகைக்கு அடியில் சொருகி, உள்ளங்கையால் தட்டி இறுக்கினார். எழுந்து ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு, பலகைமேல் நடந்து வந்தார்.