ஆட்டுத்தொட்டியின் ஊதா மை

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் அம்மா என்னை வீட்டுக்குள் விடவில்லை.

அறுபதுகளின் பிற்பாதி. பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது தறி போடுகிற சைவக் குடும்பம். முட்டையைக்கூடப் பெயர் சொல்லாமல் ‘அது’ என்றுதான் சொல்வோம். அந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் தறிக்குழியில் கால் வைக்காமல், சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோர்ஸ் முடித்து முனிசிபாலிடி வேலைக்குப் போனேன். ‘இன்ஸ்பெக்டர்’ என்ற சொல் தெருவில் நன்றாகவே விலை போனது. என்னைப் போலீஸ் என்று நினைத்து ஒருவர் சைக்கிள் திருட்டைப் பற்றிப் புகார்கூடக் கொடுத்தார்.

சாக்கடை, கொசு மருந்து, ஓட்டல் சோதனை எல்லாம் பகல் வேலை என்பதும், விடியற்காலை டியூட்டி ஆட்டுத்தொட்டியில் என்பதும் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஊரில் உள்ள கறிக்கடைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் ஆடு வெட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்து, நோய் இல்லாத கறி என்றால் தொடையில் ஊதா மையில் சீல் குத்துவார். சீல் இல்லாத கறி கடையில் தொங்கக் கூடாது. அந்தச் சீலைக் குத்தும் பொறுப்பை, ஆட்டுக்கறியைப் படத்தில் மட்டுமே பார்த்த என் கையில் கொடுத்தார்கள்.

முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே மூத்தவர் காதர் பாய், நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய். என்னைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

“குந்துங்க சார். ஆடுகூட இவ்ளோ பயப்படல.”

எப்படியோ வேலையை முடித்து வீட்டுக்கு வந்தால், அம்மா வாசற்படியில் மறித்துக்கொண்டு நின்றாள்.

“அங்கியே நில்லு. பின்னால சுத்திக் கெணத்தாண்ட போ. சட்டைய தனியா போடு. தலைக்கு ஊத்திக்கினு, துன்னூறு இட்டுக்கினு வா. அப்பறம் நீ எம்புள்ளையான்னு பாக்கலாம்.”

தினமும் இதேதான். மழைக்காலத்தில் சளி பிடித்தால் மட்டும், “இன்னா வேலையோ போ” என்று அம்மாவே வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

2. பாவம் எங்கே போய் நிற்கும்

காதர் பாயிடம் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். எனக்கு அப்போது இளம் வயது, ஊரையே திருத்திவிடலாம் என்ற எண்ணம் வேறு.

“பாய், இத்தனை வருஷமா வெட்டறீங்க. மனசு உறுத்தாதா?”

“உறுத்தும் சார். அதனாலதான் ஆடு பாக்கறப்ப கத்தி தீட்ட மாட்டேன். ஒரு ஆட்டு முன்னால இன்னொரு ஆட்ட வெட்ட மாட்டேன். தண்ணி காட்டாம, பிஸ்மில்லா சொல்லாம கத்தி வெக்க மாட்டேன். உறுத்தலேன்னா இதெல்லாம் எதுக்கு? சரி, உங்களுக்கு உறுத்துதா?”

“நான் வெட்டலியே பாய்.”

“துன்றவனும் அதத்தான் சார் சொல்றான், நான் வெட்டலியேன்னு. நான் சொல்றேன், அவன் கேக்கறதாலதான் வெட்டறேன்னு. நீங்க சீல குத்திட்டு, நான் துன்னலியேன்னு சொல்றீங்க. எல்லாரும் கைய கழுவிக்கினு போயிட்டா பாவம் எங்கதான் போய் நிக்கும்? ஆட்டு மேலயா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அன்றைக்கு எல்லாச் சீலையும் வேண்டுமென்றே அழுத்திக் குத்தினேன்.

இன்னொரு பக்கம், என் வேலை மெல்லத் தெரிய ஆரம்பித்த சில சைவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார்கள். “தம்பி, எந்தக் கடைல கறி எளசா இருக்கும்? எனக்கில்லப்பா, ஒரு சிநேகிதனுக்கு.” நெற்றி நிறைய விபூதி வைத்த மனிதர்களுக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கடையைச் சொல்லி அனுப்புவேன்.

3. பெண் பார்த்த கதை

சீல் மை லேசில் போகாது. கிணற்றடியில் சீயக்காய், செங்கல் பொடி, என்ன போட்டுத் தேய்த்தாலும் இரண்டு விரல்களில் ஊதா நிற்கும். வேறு ஊராக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கையில் ஏதாவது ஒரு கலர் இருக்கும், பட்டு நூல் சாயம். என் விரலும் அந்தக் கணக்கில் போயிற்று. அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

அப்போதுதான் சாயக்காரர் ஏகாம்பரத்தின் மகள் மரகதத்தைப் பார்க்கப் போனோம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மாவும் நானும் மட்டும் போனோம். ஏகாம்பரம் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதில் பெயர் எடுத்தவர். கல்யாணப் புடவைக்கு அரக்கு வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். தினம் சிவபூஜை செய்யாமல் பட்டறைக்குப் போக மாட்டார். பையன் முனிசிபாலிடியில் இன்ஸ்பெக்டர் என்று மட்டும் அம்மா சொல்லிவைத்திருந்தாள். எதை இன்ஸ்பெக்ட் செய்கிறான் என்று அவரும் கேட்கவில்லை.

நான் காபி டம்ளரை வாங்கியதும் அவர் கண் என் விரலில் நின்றுவிட்டது. கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா கலர் தம்பி இது?”

“சாயங்க. தறி வீடுதான?” என்றாள் அம்மா, முந்திக்கொண்டு.

“நம்ம சாயத்துல இப்படி ஒண்ணு இல்லியேம்மா. கத்திரிப்பூவும் இல்ல, நாவப்பழமும் இல்ல. மரகதம், ஒரு எலுமிச்சம்பழம் அறுத்துக் கொண்டா.”

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா என் விரலில் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்தார். மரகதம் பக்கத்திலேயே நின்றாள். பார்க்க வேண்டிய பெண்ணைப் பார்க்காமல் நான் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அசைய மாட்டேங்குதே. தம்பி, எந்தக் கம்பெனிப் பொடி இது? எனக்கு ஒரு டப்பா கெடைக்குமா?”

அம்மா என் காலை மிதித்தாள். ஆனால் அந்த மனிதர் அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது என்னால் புளுக முடியவில்லை.

“ஆட்டுக்கறிக்குக் குத்தற சீல் மைங்க. எனக்குக் காலைல டியூட்டி ஆட்டுத்தொட்டிலதான்.”

அவர் என் கையை விட்ட வேகத்தில் எலுமிச்சம்பழம் உருண்டு காபி டம்ளர்மேல் முட்டியது. மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஏகாம்பரம் கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அந்த வேலைய விட்டுடு தம்பி. நாளைக்கே நம்ம பட்டறைல சேர்ந்துக்க. பொண்ண குடுக்கறேன். உயிர் போற எடத்துல நிக்கற கையில எம்பொண்ணு கைய எப்படிப் புடிச்சுக் குடுக்கறது?”

தறியில் வருமானம் குறைந்திருந்த காலம். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, காதர் பாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இவரிடம் இறக்கினேன்.

“பட்டுப்புழுவ கூட்டோட வெந்நீர்ல போடாம பட்டு வருதுங்களா?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒவ்வொரு தபாவும் அந்தப் புழுவ நெனச்சு ஒரு சிட்டிகை துன்னூறு போட்டுட்டுதான் நூல கொப்பரைல எறக்கறேன். எம்மேல ஒரு கறை இருந்துட்டா உம்மேல இருக்கற கறை வெளுத்துடுமா?”

இனி இந்தச் சம்பந்தம் நடக்காது என்று அம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். அப்போது மரகதம் வாயைத் திறந்தாள்.

“அவரு அங்க இன்னா செய்றாருன்னு போய்ப் பாத்தியாப்பா?”

“நான் எதுக்கும்மா அதெல்லாம் பாக்கணும்?”

“பாக்காத கலருக்கு நீ வெல சொல்ல மாட்டியே.”

ஏகாம்பரம் மகளை முறைத்துவிட்டு, ஒருநாள் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

4. வெள்ளையா, மஞ்சளா

வந்தாரே, தீபாவளி அன்றைக்கு. ஊரில் பாதிப் பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கறிக்காகக் காத்திருக்கும் நாள். தொட்டியில் அன்று நிற்க இடமில்லை. ஏகாம்பரம் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பார்க்க வந்தவர் எதையும் பார்க்கவில்லை. என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் என்ன சொல்லப்போகிறாரோ, மரகதம் எனக்கு உண்டா இல்லையா என்ற கவலையில் ஒவ்வொரு கறியையும் இரண்டு தடவை பார்த்தேன்.

காதர் பாய் தன் நல்ல கிடாவைத் தொங்கவிட்டுக் கூப்பிட்டார். சீலை ஓங்கியவன் நிறுத்திவிட்டேன். கொழுப்பு மற்ற ஆடுகளைவிட மஞ்சளாகத் தெரிந்தது. ஆட்டுக்குக் காமாலை கண்டால் கொழுப்பில் மஞ்சள் பாயும், அந்தக் கறியைப் புதைத்துவிட வேண்டும். ஆனால் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. அதன் கீழே என் வெள்ளைச் சட்டையே மஞ்சளாகத்தான் இருந்தது.

“லைட்டு மஞ்சள் சார் அது. நல்ல நாளும் அதுவுமா நோகடிக்காதீங்க.”

ஒருவேளை மாமனாராகப் போகிறவர் நிற்கிறார் என்று வீறாப்புக் காட்டுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். நான் தடுமாறுவதைப் பார்த்த காதர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“பெரியவரே, நீங்க கலர்க்காரருன்னு சார் சொன்னாரு. நீங்களே சொல்லுங்க. இது வெள்ளையா, மஞ்சளா?”

“என்ன ஏன்யா இதுல இழுக்கற?” துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, “வெள்ளைன்னா?” என்றார்.

“சார் சீல் குத்துவாரு. கடைக்குப் போவும்.”

“மஞ்சள்னா?”

“குழில போட்டு பினாயில் ஊத்துவாரு.”

“அப்ப ஆடு செத்தது?”

“செத்தது செத்ததுதான். துன்னாலும் செத்தது, பொதச்சாலும் செத்தது.”

ஏகாம்பரம் திரும்பினார். ஏற்கெனவே போன உயிர். வெள்ளை என்றால் அது வீணாகாது, காதர் பாய்க்கும் நஷ்டமில்லை. மஞ்சள் என்றால் அது செத்தது யாருக்கும் உதவாது. அவர் முகத்தில் இரண்டும் மாறி மாறி ஓடுவது எனக்குத் தெரிந்தது.

“பல்பு வெளிச்சத்துல நான் கலர் சொல்றதில்ல” என்றார் கடைசியில். “வாசலுக்குக் கொண்டா. பொழுது விடியட்டும்.”

புடவைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். புடவை எடுக்க வருபவர்கள் பிடித்த கலரை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பார்கள். அதே மாதிரி கிடாவை வாசலில் மாட்டிவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். மற்ற கடைக்காரர்கள் சீல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காதர் பாயின் கடைப் பையன் வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள் என்று வந்து வந்து சொன்னான். நேற்று அந்த ஆடு தழை தின்றதா என்று ஏகாம்பரம் கேட்டார். காதர் பாய் யோசித்துவிட்டு, சரியாகத் தின்னவில்லை என்றார். இத்தனை நேரம் அதை என்னிடம் சொல்லவில்லை மனிதர்.

கிழக்கு வெளுத்தது. ஏகாம்பரம் மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“மஞ்சள்தான். ஒரு முங்கு முக்கி எடுத்த மாதிரி லேசா இருக்குது. ஆனா மஞ்சள்.”

“வெள்ளைன்னு சொல்லியிருந்தா ஒரு உசுரு வீணாப் போயிருக்காது பெரியவரே.”

“கலர்ல பொய் சொல்ல எனக்கு வராதுப்பா.”

காதர் பாய் சண்டை போடவில்லை. தானே கிடாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் வைத்தார். ஏகாம்பரம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்துக் குழிக்குள் போட்டார். காதர் பாய் அவரையும் என்னையும் பார்த்தார்.

“ஆடு என்னுது, துன்னூறு இவருது, குழி முனிசிபாலிடியுது. மேல ஆண்டவன் கிட்ட போனா இந்த ஆடு யாரைன்னு சார் கை காட்டும்?”

ஏகாம்பரம் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். பிறகு, “நீ வேலைய விட்டுட்டா அந்த எடத்துக்கு யாரு வருவா?” என்று கேட்டார்.

“யாராவது வருவாங்க.”

“அவன் விடியற வரைக்கும் குந்திக்கினு இருப்பானா?”

“தெரியலீங்க.”

“அப்ப நீயே இரு. ஆனா கெணத்தாண்ட குளிச்சிட்டுதான் எம்பொண்ணு இருக்கற வீட்டுக்குள்ள போவணும்.”

அதைப் பார்த்துக்கொள்ள வாசற்படியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றேன்.

தை மாதம் கல்யாணம். தனக்கு அந்த ஊதாவில்தான் புடவை வேண்டும் என்று மரகதம் அடம் பிடித்தாள். அவள் அப்பா கொப்பரை கொப்பரையாக முயன்றும் அந்த நிறம் பட்டில் ஏறவில்லை. கத்திரிப்பூவில் போய் நின்றது. காதர் பாய் வந்து இலையில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டார். “பிரமாதம் சார். ஆனா வயிறு இன்னும் ஏதோ வரும்னு காத்துக்கினு இருக்குது” என்றார்.

5. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

புதிதாகச் சேருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். “கறியே சாப்பிடாத நீங்க இந்த வேலைல எப்படி சார் காலம் தள்ளினீங்க? மனசு உறுத்தலியா?”

உறுத்தியது. முதல் நாள் உறுத்தியது, ரிட்டையர் ஆன நாளிலும் உறுத்தியது. காதர் பாய்க்கு அது கத்தியை மறைக்கச் சொல்லிக் கொடுத்தது, என் மாமனாருக்குக் கொப்பரையில் விபூதி போடச் சொல்லிக் கொடுத்தது. அதைப் போக்க வழி கேட்டு என்னிடம் வராதீர்கள். அது என்னை விட்டுப் போயிருந்தால், அந்தத் தீபாவளிக்கு நான் பல்பு வெளிச்சத்திலேயே சீல் குத்தியிருப்பேன்.