ஊசி குத்திய முட்டை

பாளையம்பட்டியில் ஒருவர் விசிறிவால் சேவல் இனத்து முட்டைகளைக் கொடுத்ததும், ஊசித்துளை தெரிகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ ஊர்களில் பிழைத்தும் விடாத பழக்கம் இது.

சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அந்த இனச் சேவல் இருந்தது; கிளிமூக்கு, தரையைத் தொடும் வால். அந்த இனம் வெளியே போகக் கூடாதென்று, கேட்பவர்களுக்கெல்லாம் அப்பா ஊசி குத்திய முட்டைகளையே கொடுப்பார். அவை பொரிக்காது. நரிக்குடி மாமாவுக்கும் அப்படித்தான் எடுத்து வைத்தார். அம்மா தன் அண்ணனுக்காகக் கம்புத் தானியப் பானையில் புதைத்து வைத்திருந்த நல்ல முட்டைகளை மாற்றி வைத்ததை நான் பார்த்தேன்.

மறுவருஷம் மாமா ஒரு கிளிமூக்குச் சேவலோடு வந்தார்.

"பாருங்க மாப்ள, உங்க சேவல அச்சுல வாத்த மாதிரி இல்ல?"

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய்திறந்து கேட்டால், ஊசி குத்தியது மாமாவுக்குத் தெரிந்துவிடும்.

"என்னய என்ன பாக்குறீக? அண்ணனுக்குத் தண்ணி மோந்து குடுங்க" என்றாள் அம்மா.