யோகப்பிரியா கழுவிய தங்கம்

யோகப்பிரியாவைப் பற்றி நான் நடுநிலையாக எழுத மாட்டேன். இரண்டு வருஷம் அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். என் பெயர் சுஷ்மா, கல்பாத்திக்காரி. அப்பா வங்கியில் ஓய்வு பெற்றவர், அண்ணா பெங்களூரில். எங்கள் வீட்டில் படிப்பு காலைக் காப்பி மாதிரி, கேட்காமலே வந்துவிடும். அவளுக்கு ஊர் வடகரப்பதி, தண்ணீர் இல்லாத வறண்ட கிராமம். அப்பா செங்கோட்டையனுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நிலக்கடலை. இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்து, எனக்கு முன்னால் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருப்பாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வேலை இதுதான். சோப்பும் பயோடீசலும் செய்யும் இடங்களில் கிளிசரால் என்ற பாகு மிஞ்சும். அதை ஆக்சிஜனோடு சேர்த்து, விலை போகும் அமிலமாக மாற்ற வேண்டும். சும்மா மாறாது. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைக் கரித்தூளில் ஒட்டவைத்து, அந்தத் தூளைப் போட்டால் மாறும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் வேலை செய்யாது. கரித்தூள் சேர்க்கும் முன்பே நிறத்தில் தெரிந்துவிடும்: தங்கக் கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவந்தால் நல்லது, நீலம் பாய்ந்தால் கொட்டிவிடலாம். அவளுடையது எப்போதும் சிவக்கும். என்னுடையது பத்துக்கு ஏழு தடவை நீலம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தராசைக் குறை சொன்னேன், ஐஸைக் குறை சொன்னேன். எங்கள் வழிகாட்டி கோபிநாத் சார் அவளுக்கு மட்டும் நல்ல ரசாயனப் புட்டியைக் கொடுக்கிறார் என்றுகூட நினைத்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு வாரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதில் இருந்தது. நான் குழாயில் அலம்பிவிட்டு ஒரு தடவை வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், விடுவேன். அவள் மூன்று தடவை வடிநீரிலேயே அலசி, கடைசியாக வடியும் நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விடுவாள். பால் மாதிரி வெளுத்தால் அதில் உப்பு இருக்கிறது, மறுபடியும் அலசுவாள்.

எதற்கு இத்தனை என்று கேட்டேன். அவள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீராம்: புழங்க போர் தண்ணீர், சமைக்க லாரித் தண்ணீர். “போர் தண்ணில பருப்பே வேகாதுங்க்கா, தங்கம் என்ன பண்ணும்?” என்று சிரித்தாள். எனக்கு ஆறு தெருமுனையில் ஓடுகிறது. தண்ணீரைச் சந்தேகப்பட எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து என் கரைசலும் சிவந்தது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் சிவப்பு அவள் போட்ட பிச்சை என்று தோன்றி, பொறாமை இரட்டிப்பானது.

அப்புறம்தான் எங்கள் ஆய்வுத் திட்டத்தை நீட்டிக்கும் பேச்சு வந்தது. இருவரில் ஒருவருக்குத்தான் இன்னும் இரண்டு வருஷம். ஒரே நாளில் இருவரும் புதிதாகத் தூள் செய்து சோதனை ஓட்டுங்கள், நன்றாக வருகிறவர் இருக்கட்டும் என்று சார் சொல்லிவிட்டார். சோதனைக்கு மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது, தள்ளிப்போட வழியில்லை. எனக்கு இது போனால் அண்ணாவின் சிநேகிதன் கம்பெனி இருந்தது. அவளுக்குப் பொள்ளாச்சியில் டைல்ஸ் கடை மாப்பிள்ளை தயாராக இருந்தார். இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம், படிப்பு அதோடு சரி. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவளைத் தோற்கடிக்க ஆசைப்பட்டேன்.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் வடிக்கும் கருவி எரிந்துபோனது. உதவியாளர் ராக்கப்பன் திட்டு வாங்கப் பயந்து, வடிநீர்க் கேனில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தார். நான் பார்த்தேன். அன்று காலை வடித்ததில் ஒன்றரை லிட்டர் என் அலமாரியில் இருந்தது. அதைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். நாளைக்கு அவளுடையது நீலமாகட்டும், ஒரு தடவையாவது பார்க்கிறேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனது நிஜம்.

காலையில் அவள் வந்ததும் கேன் தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். வெளுத்தது. நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, கேன்ல இருக்கறது போர் தண்ணிங்க. ஊத்தீறாதீங்க.”

ராக்கப்பன் ஓடிப்போய்க் கடையில் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்கி வந்தார். அதிலும் துளி வெளுத்தது. அவள் பாட்டிலில் பழைய வடிநீர் ஒரு லிட்டர் மிச்சமிருந்தது. அதில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

“உனக்குப் போருமா?” என்றேன்.

“பாத்துக்கலாங்க்கா.”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே. வாங்கிக்கொண்டேன்.

இருவருக்கும் கரைசல் சிவந்தது. ஆனால் கரித்தூளை வடிகட்டியபின் அதில் தங்கும் உப்பு போக நிறையக் கழுவ வேண்டும். அவளிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது; கடைசியாக விட்ட சோதனைத் துளியும் வெளுத்தபடியே இருந்தது. அவள் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றப் போன நேரத்தில் நான் அலமாரியைத் திறந்து என் தூளை நிதானமாகக் கழுவினேன். சாயங்காலம் முடிவு வந்தது. என்னுடையதில் பாகு எண்பது சதவீதம் மாறியிருந்தது. அவளுடையதில் முப்பத்தைந்து.

என்ன ஆயிற்று என்று சார் அவளிடம் கேட்டார். “கழுவத் தண்ணி பத்தலீங்க சார்” என்றாள். எனக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை. சார் என் பக்கம் திரும்பி, உனக்கு மட்டும் எப்படிப் போதுமாயிற்று என்றார்.

கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. “நேத்தே ஒன்றரை லிட்டர் எடுத்து வெச்சுண்டேன், சார்.”

முன்யோசனை என்றால் இதுதான் என்று சார் அவளுக்குப் புத்தி சொன்னார். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.