அங்கன என்று காட்டிய கை

கடலுக்குப் போகிற ஆளை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. தங்கச்சிமடத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. திருவாடானைப் பக்கம் எங்கள் ஊரில், கிளம்புகிறவரை "தூரமா?" என்றாவது கேட்போம். இங்கே அதுவும் ஆகாது. கல்யாணமான புதுசில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிய என் வீட்டுக்காரரிடம் "ஏங்க, எங்கன போறீக?" என்று கேட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து மாமியார் அகப்பையும் கையுமாக ஓடி வந்தார்.

"ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! கடலுக்குப் போறவன எங்கனன்னு கேட்டா அவன் எப்புடிடீ திரும்பி வருவான்?"

சகுனத் தடை கழிய என் வீட்டுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்கப்புறம் நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. கரையில் யாருமே அப்படித்தான். மீன் பிடிக்கிற இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அங்கன" என்பார்கள், கையைக் காட்டுவார்கள். தெரிந்தவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் கல்யாண வீடியோ கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். கேமராவில் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, சிடியாக்கித் தருவது என் வேலை. கடைக்காரரை அண்ணே என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர், ஆனால் வாய் மூடாது. "கடலும் கம்ப்யூட்டரும் ஒண்ணு தங்கச்சி, ரெண்டும் எப்ப கவுத்தும்னு தெரியாது" என்று அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டு ஒருநாள் எரிச்சலில் "வாயக் கழுவுங்கண்ணே" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

செல்போனில் கேமரா வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஒரு வாடைக் காலத்தில், சாயங்காலம் போன அவருடைய வள்ளம் காலையில் திரும்பவில்லை. வள்ளத்தில் அவரோடு இன்னும் இரண்டு பேர். பொழுது ஏறியது, வரவில்லை. இருட்டியது, வரவில்லை. செல்லில் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலை இன்றைக்குக் கேட்டாலும் உடனே போனை வைத்துவிடுவேன். மாமி கரையோரம் மாதா சிலை இருக்கிற கெபியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் தேடப் போக வள்ளங்கள் தயாராயின. எந்தப் பக்கம் போவது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. கிழக்கே தனுஷ்கோடிப் பக்கமா, மேற்கே தீவுகள் பக்கமா? என்ஜின் நின்று போயிருந்தால், நின்ற இடம் தெரிந்தால்தான் காற்று எங்கே தள்ளியிருக்கும் என்று கணக்குப் பண்ண முடியும். இருக்கிற டீசலுக்கு ஒரு பக்கம்தான் முழுசாகத் தேடலாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று. எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும்!

அப்போதுதான் பக்கத்து வள்ளத்துக்காரர் ஓடி வந்தார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை.

"மதினி, போற வழியில அண்ணன் வள்ளத்த செல்லுல வீடியோ எடுத்தேன். ஏதோ கத்திச் சொன்னாரு. ரெண்டு பக்கமும் கையக் காட்டுனாரு. என்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, நான் சும்மா சிரிச்சுக்கிட்டே எடுத்தேன்."

அந்தத் தம்பியின் செல் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. உள்ளே இருந்த கார்டு மட்டும் பிழைத்திருந்தது. அதை வேறொரு செல்லில் போட்டுப் பார்த்தோம். தடதடவென்று என்ஜின் சத்தம்தான், அதற்கு அடியில் எங்கோ ஒரு மனிதக் குரல். கார்டைக் கையில் பொத்திக்கொண்டு கடைக்கு ஓடினேன். தம்பியும் பின்னாலேயே வந்தார்.

கம்ப்யூட்டரில் போட்டால் படம் ஓடியது, சத்தமே வரவில்லை. செல்போன் சத்தத்தை அந்தக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் வாய் அசைகிறது, கை அசைகிறது, ஒரு சொல் கிடையாது. கல்யாணப் படங்களுக்குச் செய்வதுபோலவே செய்தேன். படம், சத்தம் இரண்டையும் சேர்த்து டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொல்லிவிட்டு, எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டுகிற கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவே, கரண்டு மட்டும் போயிரக் கூடாது. மாற்றி முடிந்ததும் என்ஜின் இரைச்சலைக் குறைத்து, குரலைத் தூக்கி, பெரிய ஸ்பீக்கரில் விட்டேன்.

"நேத்து அங்கன கெடந்தோம்ல, ஒரு மீனு கெடையாது. இன்னிக்கு அங்கன போயிப் பாக்குறோம்!"

அவர் குரல்தான். "இன்னிக்கு அங்கன" என்கிற இடத்தில் கை பின்னால் தெரிந்த டிவி டவர் பக்கம் நீண்டிருந்தது. டவர் பக்கம் என்றால் கிழக்கு. "கெழக்க மதினி, கெழக்க!" என்று தம்பி கரைக்கு ஓடினார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை. மறுபடி ஓடவிட்டேன். "ஒரு மீனு கெடையாது" என்று சொல்லிவிட்டு அவர் வள்ளத்தின் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார், கோபம் வந்தால் வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரியே. டப் என்ற சத்தம் கேட்டது. கை அதற்குப் பிறகுதான் கீழே இறங்கியது.

கல்யாணப் படத்தில் மேளக்காரர் கோலும் மேளச் சத்தமும் சேரவில்லை என்றால் நான்தான் சரி பண்ணுவேன். எப்படி இதை விட்டேன்? செல்போன் படம் ஒரே சீராக ஓடுவதில்லை. நான் மாற்றச் சொன்னபோது கம்ப்யூட்டர் அதை இழுத்து நீட்டி வைத்திருந்தது. குரல் முந்திவிட்டது, கை பிந்தி வந்தது. "இன்னிக்கு" என்கிற நேரத்தில் நான் பார்த்தது நேற்றைய கை.

"அண்ணே, தப்பாச் சொல்லிட்டேன்!" என்று கடைக்காரரைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடிக்கவில்லை, கரண்டு போனது. கம்ப்யூட்டருக்கு அடியில் பேட்டரி பெட்டி கீக் கீக் என்று அலற ஆரம்பித்தது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு என் பின்னால் நின்றார்.

படத்தைத் தொடக் கூடாது. அதை எடுத்தது எடுத்தபடியே நகலெடுக்கச் சொல்லிவிட்டு, சத்தத்தை மட்டும் வெளியே எடுத்து, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றி, அதே படத்தோடு அதே இடத்தில் சேர்க்க வேண்டும். முன்னால் ஒரு தடவை, பெரியபட்டினத்துக் கல்யாண சிடி ஒன்று துபாயில் ஊமைப்படமாக ஓடியது என்று திரும்பி வந்தபோது அப்படிச் செய்திருக்கிறேன். அதையே இப்போதும் செய்தேன். படத்தைத் தொடாததால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

ஓடவிட்டேன். கையும் சத்தமும் ஒன்றாக. "நேத்து அங்கன", கை டவர் பக்கம். டப். "இன்னிக்கு அங்கன", கை டவருக்கு எதிர்ப்பக்கம். மேற்கு. அத்தோடு கம்ப்யூட்டர் அணைந்தது.

அண்ணன் வண்டியில் கரைக்குப் போனோம். இரண்டு வள்ளங்கள் கிழக்கே போய்விட்டிருந்தன. மற்றவை என்ஜின் போட்டு நின்றன. நான் தண்ணீரில் இறங்கி, "மேக்க போங்க, மேக்க!" என்று கத்தினேன்.

"இந்தாம்மா, இப்பத்தான் கெழக்குன்ன. அதுக்குள்ள மேக்குங்குற? ஆளு உசுரு போற நேரத்துல வெளயாட்டா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். அவர்மேல் தப்பில்லை. மேளம், கோல், பிந்தின கை என்று நான் உளறினது அவருக்கு என்ன விளங்கும்? எனக்கே அந்த நேரம் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவதும் தப்பாக இருந்தால்? மூன்று பேரை நானே சாகடித்தவள் ஆவேன்.

கெபியிலிருந்து மாமி இறங்கி வந்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"எம் மருமக மேக்குங்குறா. மேக்க போங்கலே."

போனார்கள். கிழக்கே போனவர்களையும் செல்லில் பிடித்துத் திருப்பினார்கள். அன்று பகல் முழுக்க நானும் மாமியும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஜெபமாலை உருட்டினார். நான் ஜெபிக்கக்கூட இல்லை. டப், கை, டப், கை என்று மனசுக்குள் அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பயம் கூடிக்கொண்டேதான் போனது.

பொழுது சாயும்போது வந்தார்கள், அவர் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. தீவுகளுக்கு வெளியே, என்ஜின் நின்று, நங்கூரமும் அறுந்து, காற்றுத் தள்ளிய திசையில் கிடந்தார்களாம். மூன்று பேருக்கும் உதடு வெடித்திருந்தது. என் வீட்டுக்காரர் கரையில் கால் வைத்ததும் நான் அவரைப் போட்டு அடித்தேன், ஊரே பார்க்க. அவர் வாங்கிக்கொண்டார்.

என்ஜினைச் சரி பண்ணியபின் மறுபடி கடலுக்குக் கிளம்பினார். வலை தோளில். நான் கதவோரம் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏலே, எங்கன போற?"

அவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா கேக்குற?"

"காது கேக்கலயா? எங்கன போறன்னு கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். வழக்கம்போலக் கையைத் தூக்கி, "அங்கன" என்றார்.

"கையக் காட்டாதல. பேரச் சொல்லு."

அவர் தயங்கித் தயங்கி ஒரு தீவின் பெயரைச் சொன்னார். மாமி அகப்பையை என் பக்கம் நீட்டி, "அவளுக்குக் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லு" என்றார்.