அருகம்புல் இல்லை என்றார் ரபேல்

சாலையோரத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, புல்லின் அடித்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்கிறார் ரபேல். நூல்போல உருண்டால் விட்டுவிட்டு நகர்கிறார். உருளாமல் பட்டையாக நசுங்கினால், “உக்காந்திருக்கான் பாரு, ராஜா மாதிரி” என்று அந்தப் புல்லிடமே சொல்கிறார். பின்னால் பெரிய லோரிகள் கிள்ளான் துறைமுகத்தை நோக்கி இரைந்துகொண்டு போகின்றன. அந்தக் காற்றில் அவருடைய ஆரஞ்சு நிற மேல்சட்டை உப்பி அடங்குகிறது. முதுகில் இருக்கும் பதினாறு லிட்டர் மருந்துத் தோம்பை இடையில் இறக்கி வைக்க மாட்டார். இறக்கினால் மறுபடி தூக்குவது பெரும்பாடு என்பார்.

ஐம்பத்தேழு வயது. சாலைப் பராமரிப்புக் குத்தகைக்காரர் ஒருவரிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை. சில நாள் மெசின் பிடித்துப் புல் வெட்டுவார், பல நாள் களைக்கு மருந்து அடிப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சோப்புக்கட்டி இருக்கும். சாப்பிடுவதற்கு முன்னால் மூன்று தடவை கை கழுவுவார், மூன்றாவது தடவை முழங்கை வரைக்கும். பூங்காவில் எல்லோரும் வெறுங்காலோடு புல்லில் நடக்கும்போது இவர் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு சிமெண்டு நடைபாதையில் நிற்பார். “அழகா இருக்கிற புல்லுதான் சார் ஜாஸ்தி மருந்து குடிச்சிருக்கும்” என்பது அவர் சித்தாந்தம்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு திட்டு வழியாக. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிள்ளையாருக்கு அருகம்புல் பறித்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் வந்து நின்று, கடவுளுக்கு வைப்பதை முகத்தைப் பார்த்தாவது பறிக்கக் கூடாதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அருகம்புல்லைப் பற்றி இந்த ஆள் எனக்குச் சொல்வதா என்று நிமிர்ந்தேன். அவர் என் கையிலிருந்து ஒரு கொத்தை வாங்கிப் பூவை விரித்துக் காட்டினார்.

அருகும் இதுவும் பூக்கும்போது விரல்போலத்தான் பிரியும். அருகின் விரல்கள் மெலிசு, எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். இதன் விரல்கள் தடிப்பு, அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் கீழே தள்ளி, நம் கட்டைவிரல் மாதிரி தனியாக முளைக்கும். சில செடியில் அந்தக் கட்டைவிரல் இருக்காது, அப்போது அடியைக் கிள்ள வேண்டும். அருகு தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், இழுத்தால் கயிறாக வரும். இது ஒரே இடத்தில் வட்டமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும், அடி வெளுத்துப் பட்டையாக இருக்கும், இரண்டு கையால் இழுத்தாலும் லேசில் வராது. மலாய்க்காரர்கள் இதைச் சம்பாவ் என்கிறார்கள். நம்மில் பலருக்கு இதற்குத் தனியாக ஒரு பேரே தெரியாது. தெரியாததால் பச்சையாக, ஒல்லியாக, விரல் விரித்துக்கொண்டு நிற்கும் எல்லாமே நமக்கு அருகம்புல்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய கூட்டம் அல்லவா.

ரபேலுக்கு இது ஒன்றுதான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலைச் சரிவுகளில் அழகுக்காக நட்டுப் பரவிப்போன மஞ்சள் பூக்கொடியை, கல்லீரலுக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்த மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து, காரை ஓரங்கட்டிப் பை பையாகப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு அம்மாளைப் பையைத் தலைகீழாகக் கொட்ட வைத்துவிட்டுத்தான் அனுப்பினாராம். அந்த அம்மாள் போகும்போது, “நீங்க கவர்மெண்டா?” என்று கேட்டிருக்கிறார். இவர், “இல்ல ஆன்டி, மருந்து அடிக்கிறவன்” என்றிருக்கிறார்.

சம்பாவ் விஷயம் அதைவிடக் கொடுமை. மருந்து அடித்தால் மற்றக் களையெல்லாம் பழுத்துக் கருகிச் சாகும். இவர் அடிக்கிற மருந்துக்கு இந்தப் பகுதிச் சம்பாவ் சாவதில்லை. பல வருடமாகக் குடித்துக் குடித்து அதற்குப் பழகிவிட்டது என்கிறார். ஆகவே சுற்றிலும் செத்த புல் காவி நிறத்தில் கிடக்க, நடுவில் இது மட்டும் கொழுகொழுவென்று நிற்கும். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? மருந்து படாத சுத்தமான புல் என்றுதான் தோன்றும். எச்சரிக்கைப் பலகை ஒன்று வைக்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறார். பலகை வைத்தால் நாலு பேர் புகார் எழுதுவார்கள், வேண்டாத வேலை என்பது பதில். வைக்காவிட்டால் நாலு பேர் பறித்துச் சாறு பிழிந்து குடிப்பார்களே என்று இவர் திரும்பவும் கேட்டிருக்கிறார்.

எங்கள் பிள்ளையார் கோயில் திடலில் ஞாயிறுதோறும் யோகாசனம் நடக்கிறது. முடிந்ததும் எல்லோருக்கும் இலவசமாக அருகம்புல் சாறு. முதலில் செலாயாங் சந்தையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கினார்கள். பிறகு குழுத் தலைவர் கமலநாதனுக்கு, சனிக்கிழமை மாலையில் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுவேலை போட்டு நாமே பறிக்கலாம் என்ற யோசனை வந்தது. கோத்தோங் ரோயோங் என்றால் நம் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா? முப்பது பேர் அரிசிச் சாக்கோடு சாலையோரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். தொண்டு என்று வந்துவிட்டால் நாம் எதையும் விசாரிப்பதில்லை. நானும் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்தில் வாங்கிய பாடத்துக்குப் பிறகும் போனேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். முன்னால் போன பெண்கள் அறுத்துக் கொடுத்தார்கள், பின்னால் நின்ற நான் குனிந்து பார்க்காமல் சாக்கில் போட்டேன்.

அன்று சர்ச்சில் மாலைப் பூசை முடிந்து அந்த வழியாக வந்த ரபேல், வரிசையாக மொட்டை மொட்டையாக நின்ற புல்லின் அடிகளைப் பார்த்திருக்கிறார். முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலையில், சாகாமல் நின்ற அந்தப் புல்லுக்குத்தான் மேற்பார்வையாளர் சொன்னபடி இரண்டாவது தடவையாக, கலவையைக் கூட்டி மருந்து அடித்திருந்தார். யார் அறுத்தது என்று அங்கேயே விசாரித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டார். நாங்கள் பெரிய தொட்டிகளில் புல்லை அலசிக்கொண்டிருந்தோம்.

அவர் சத்தம் போடவில்லை. ஒரு கையில் உண்மையான அருகு, மறு கையில் தொட்டியிலிருந்து எடுத்தது, இரண்டையும் கமலநாதன் முன்னால் நீட்டி, எனக்குச் சொன்னதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கமலநாதன் வங்கியில் அதிகாரியாக இருந்தவர். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். செடியின் பேர் சொல்லும் செயலி ஒன்று அதில் இருந்தது. அது அறுபத்தேழு சதவீதம் அருகம்புல் என்றது. மிச்சம் முப்பத்து மூன்று என்னவென்று யாரும் கேட்கவில்லை.

“மருந்து அடிச்சா செத்திருக்கணுமே. பச்சையா இருக்கே” என்றார் கமலநாதன்.

“அதான் சார் பிரச்சினையே. அது சாகல. குடிச்சிட்டு நிக்குது.”

“நாங்க மூணு தண்ணி கழுவியாச்சு லா.”

“மேல படிஞ்சதத்தான் சார் கழுவ முடியும். உள்ள இறங்கினத எப்படிக் கழுவுவீங்க?”

கமலநாதன் அவருடைய சட்டையைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணே, நீங்க சர்ச்சுக்குப் போறவரு. புல்ல வெட்டுறது உங்க வேலை. பிள்ளையாருக்கு எது புல்லுன்னு எங்களுக்குத் தெரியும்” என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ரபேல் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இதைக் கொட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். சார் எப்போதும் இப்படித்தான் சந்தேகப் பிராணி என்று கமலநாதன் என்னையும் சேர்த்து முடித்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு. அறுபத்தெட்டு வயதில் நான் செய்திருக்க வேண்டியது தொட்டியைக் கவிழ்ப்பது. நான் செய்தது, கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனது. நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இந்தத் தேசத்தில் புல்லின் நடுவிலேயே இருபத்திரண்டு வருடம் நின்றவனுக்குப் புல்லைப் பற்றிப் பேச உரிமை இல்லை, கைப்பேசிக்கு இருக்கிறது.

மறுநாள் காலை யோகாசனம் முடியும் நேரத்தில் ரபேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், குடிக்க வேண்டாம் என்று சொன்னார். நானும் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். நாலைந்து பேர் விலகினார்கள். மற்றவர்கள் எங்களைத் தாண்டி முன்னால் பார்த்தார்கள். அறுபது பேராவது இருக்கும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று செமினியிலிருந்து வந்த கிழவர் ஒருவர், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் வந்து, அங்கிள் பிரச்சினை பண்ணாதீங்க, வேணும்னா குடிங்க, இல்லேன்னா கிளம்புங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ரபேல் சாறு நிறைந்திருந்த பெரிய எவர்சில்வர் அண்டாவைப் பார்த்தார். “அடிச்சது என் கை சார்” என்றார் என்னிடம். பிறகு போய் வரிசையில் நின்றுகொண்டார்.

அண்டாவுக்குப் பக்கத்தில் மலர் என்ற பெண் அகப்பையோடு ஊற்றிக்கொண்டிருந்தாள். ரபேல் காகிதக் குவளையை வாங்கிக்கொண்டு மதிலோரம் போனார், சாக்கடையில் ஊற்றினார், திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். மறுபடி வாங்கினார், மறுபடி ஊற்றினார். அதற்குள் நானும் அவர் பின்னால் நிற்க ஆரம்பித்திருந்தேன். நாலாவது தடவை மலர் முகத்தைச் சுளித்தாள். ஓசி என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, வரிசையே சிரித்தது. ரபேல் காது சிவக்க நின்றார், ஆனால் நகரவில்லை.

ஆறாவது தடவை அவருக்கும் எனக்கும் நடுவில், அதுவரை ஒதுங்கி நின்ற அந்தக் கைக்குழந்தைக்காரி வந்து நின்றாள். அண்டா அடி தட்டத் தொடங்கியிருந்தது. மலர் அவர் குவளையில் பாதிதான் ஊற்றினாள், மத்தவங்களுக்கும் வேணுமே அங்கிள் என்றாள்.

ரபேல் நகராமல் குவளையை மறுபடி நீட்டினார். “நெறைய ஊத்தும்மா” என்றார்.