பின்பக்கத் தூண்

முடிச்சூரில் பாதி அடுக்குமாடிகளுக்கு நிறம் கொடுத்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடித்தே சொந்தமாக மூன்று மாடி கட்டினேன். இப்படிப்பட்டவனைத் தேடி ஜப்பானிலிருந்து ஒரு வேலை வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் என் மருமகளுக்கு ஜப்பான் மொழிபெயர்ப்பாளர் வேலை. அந்நாட்டு நாவல் ஒன்றையும் தமிழாக்கியிருந்தாள். அவளுக்கு அது முதல் புத்தகம். எழுதியவர் வடக்கே பனி கொட்டும் ஒரு சின்ன ஊர்க்காரர். பகலில் தபால் ஆபீஸ் வேலை, விடியலில் எழுத்து. ஆறு நாவலும் அந்த ஊரைப் பற்றித்தான். தலைநகருக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம். பனிக்காலத்தில் தெருவிலுள்ள முதியவர்களின் கூரையில் ஏறி இவரே பனியைத் தள்ளிவிடுவாராம். தமிழில் வெளியிட அனுமதி தர ஒரே நிபந்தனை வைத்தார்: கூரை அத்தியாயத்தை, உயரத்தில் வேலை செய்த ஒருவர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும்.

"வேற யாரு மாமா, நீங்கதான்," என்றாள்.

ஞாயிறு மதியம் படித்துக் காட்டினாள். ஒரு கிழவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முன்பக்கக் கூரையில் பனி தள்ளுகிறான். சறுக்குகிறான். கயிறு அவனைப் பிடித்துக்கொள்கிறது. நான் நடுநடுவே என் கதையைச் சொன்னேன். பல்லாவரத்தில் ஏழாவது மாடியில் காற்றில் ஆடியது, முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடக் கால் வழுக்காதது. அவள் முடித்ததும், ஒரு குறையும் இல்லை, அனுப்பிவிடு என்றேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் பெயின்டர்கள் வந்தார்கள். தெருப்பக்கச் சுவரில் இறங்க வேண்டியவன், மொட்டைமாடியின் பின்பக்கத் தூணுக்குப் போய்க் கயிற்றைக் கட்டினான். டீ டம்ளர் என் கையிலேயே நின்றது. அவள் படித்ததில் கிழவன் கயிற்றைக் கட்டியது வாசல் தூணில் அல்லவா? சறுக்குகிற பக்கத்திலேயே கீழே கட்டினால் கிழவனோடு கயிறும் விழும். கூரை உச்சியைத் தாண்டிப் பின்னால் கட்டினால்தான் பிடிக்கும்.

ஆபீஸ் வேன் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"அந்தாளு கயிற எங்கம்மா கட்டிக்கீறான்?"

மூலத்தைப் புரட்டினாள். பின்பக்கத் தூண். முன்னால் வேலை செய்கிறவன் பின்னால் போய்க் கட்டுவானா என்று தானாகவே வாசலுக்கு மாற்றியிருக்கிறாள்.

"நேத்து கேட்டீங்களே மாமா?"

"எங்க கேட்டேன்? நான்தான் பேசிக்கினே இருந்தேனே."

நல்லவேளை, அவள் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. திருத்தி, நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதி அனுப்பினாள். முப்பது வருஷம் வழுக்காதவர் மாமா என்றும் சேர்த்திருந்தாள்.

பத்து நாளில் அனுமதி வந்தது. கடைசி வரியில் எனக்கு ஒரு கேள்வி. தான் மூன்று முறை சறுக்கியிருப்பதாகவும், மூன்றாவதற்குப் பிறகுதான் இந்த அத்தியாயம் எழுத வந்ததாகவும் சொல்லியிருந்தார். தமிழ்நாட்டுக்காரர் நிஜமாகவே ஒருமுறைகூட வழுக்கவில்லையா?

பதில் அடிக்க மருமகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தபா," என்றேன். "அனகாபுத்தூர்ல."

பாத்திரச் சத்தம் நின்றது.

"எழுதிக்கம்மா. பின்பக்கத் தூணுதான் புடிச்சிச்சு."